சால்னா கவரில் பிரவுனி மாவு

ஆனி 25, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். மெயினருவியில் நல்ல வரத்து. மங்குஸ்தான் வந்தது, அடிப்பெட்டி இரண்டும் அழுகல், திருப்பி அனுப்ப வேண்டும். ரம்புட்டான் நிறம் போதாது. துரியன் மலைத்தோட்டத்திலிருந்து நாளைக்கு என்றார்கள். குற்றாலம் கடையில் பல்ப் மாற்ற வேண்டும். கடைவாய்ப் பல் வலி.

மத்தியானம் தென்காசி குடோனுக்கு ஒரு பெண் வந்தாள். இலத்தூர்க்காரி. பெயர் கோமதி. புருஷன் முருகேசன் ஆவடியில் போலீஸ். மாமியார் சண்முகத்தாயை எனக்கு முன்னமே தெரியும். நான் அருவிக்கரையில் கூடை வைத்து விற்ற காலத்தில், ஒரு பழத்தைச் சும்மா வாங்கித் தின்றுவிட்டு அடுத்த பழத்துக்குப் பேரம் பேசுகிறவள்.

“அண்ணாச்சி, ஒங்க ஃப்ரீசர்ல ஒரு மாசத்துக்கு இடம் வேணும்.”

“என்ன வைக்கணும்? மீனா?”

“பிரவுனி மாவு.”

“அது என்ன மாவும்மா, இட்லிக்கா தோசைக்கா?”

“கேக்கு மாதிரி அண்ணாச்சி. சாக்லேட்டு, வெண்ணெய், முட்டை.”

விஷயம் இது. ஐந்தருவி போகிற வழியில் ஒரு ரிசார்ட். நானும் அங்கே பழம் கொடுக்கிறேன். அங்கே சாயங்கால டீக்கு இவளுடைய பிரவுனி வைத்துப் பார்க்கப் போகிறார்கள். ஆடி மாதம் முழுக்கக் குறையில்லாமல் கொடுத்தால் வருஷம் முழுக்க ஆர்டர். மாவை இவள் கொடுத்தால் போதும், சுடுவது அவர்கள் அடுப்பில்.

“பின்ன என்ன, வீட்டுலயே கலக்கிக் குடுக்க வேண்டியதான?”

“எங்க அத்தை பேரன் வேணும்னு அம்மனுக்கு நேந்திருக்காங்க. ஆடி பூரா வீட்டுக்குள்ள முட்டை நுழையப்படாதாம். பேரனை நாந்தான பெத்துக் குடுக்கணும்? முட்டை என்ன செஞ்சுது பாவம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்த்துடுக்கு உள்ளவள். ஆனி முடிவதற்குள் ஒரு மாதத்து மாவையும் கலக்கி உறைய வைத்துவிடுவாளாம். ஆர்டர் கிடைத்துவிட்டால் ஆவணியில் கீழப்புலியூரில் தனி வீடு. புரோக்கரிடம் பேசி வைத்திருக்கிறாள். புருஷனும் தலையாட்டிவிட்டானாம். கல்யாணமாகி ஏழாவது வருஷம், மாமியார் வாயிலிருந்து தப்பிக்க இது ஒன்றுதான் வழி என்றாள்.

சின்னப் பெட்டியைக் காலி செய்து தருவதாகச் சொன்னேன். முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

ஆனி 30, திங்கள்

சாரல் விட்டுவிட்டு. ஆட்டோவில் மாவு வந்தது. கூடவே கோமதியும் அவள் முதுகுவலியும். மூன்று நாளாகக் கலக்கியிருக்கிறாள். கம்மலை அடகு வைத்துத்தான் வெண்ணெய் வாங்கினாளாம். காதில் வேப்பங்குச்சி.

அடுக்கிக்கொண்டே சொன்னாள். குறித்து வைக்கிறேன், பின்னால் உதவும்.

பொட்டலம் தட்டையாக இருக்க வேண்டும். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும்.
முந்திரி, வால்நட் இப்போது சேர்க்கக் கூடாது, நமுத்துப் போகும். சுடும்போது மேலே தூவ வேண்டும்.
முதல் நாளே எடுத்துச் சாதா ஃப்ரிட்ஜில் இளக விட வேண்டும். வெளியே வைக்கக் கூடாது. முட்டை.
இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.
தேதி எழுதாத பொட்டலம் குப்பைக்குச் சமம்.

ஜிப் வைத்த கெட்டிக் கவர் கடைத்தெருவில் தீர்ந்துவிட்டதாம். பாதிக்கு மேல் சால்னா கவர். பரோட்டாக் கடையில் கட்டித் தருகிற அதே மெல்லிசுக் கவர், ரப்பர் பேண்ட் போட்டு.

“கொதிக்கக் கொதிக்கச் சால்னாவே சிந்தாது அண்ணாச்சி. இந்த மாவா சிந்தும்?”

“சிந்தாது” என்றேன்.

சிந்தாதுதான். ஆனால் சால்னா வாங்கி வருகிறவன் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் மணக்கிறதே, அதை யோசிக்கவில்லை. உள்ளே இருப்பது வெளியே வரும் கவரில் வெளியே இருப்பதும் உள்ளே போகும். இருபது வருஷம் பழம் கட்டியவனுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

போகும்போது மட்டும், “அண்ணாச்சி, பக்கத்துல பழம் கிழம் வச்சிராதீங்க. வெண்ணெய் எல்லா வாசத்தையும் குடிச்சிரும்” என்றாள்.

“அது ஒன் பெட்டிம்மா. நான் ஏன் தொறக்கப்போறேன்?”

அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி 1, வியாழன்

காற்று. கடைத் தார்ப்பாய் கிழிந்தது. புதுசு வாங்க வேண்டும். பழையது போதும், தைக்கலாம்.

ரிசார்ட் மேனேஜர் போன். மலையாளத்துக்காரன், நயமாகப் பேசியே கழுத்தை அறுப்பான்.

“அண்ணாச்சி, நாளை தொட்டு ஈவினிங் ஃப்ரூட் பிளேட் வேண்டா கேட்டோ. பிரவுனி வச்சோம், கெஸ்டுக்கெல்லாம் சந்தோஷம். காலைக்கு மட்டும் பழம் மதி, போதும்.”

சரி என்றேன். போனை வைத்தேன்.

சாயங்காலத் தட்டுதான் அந்த ரிசார்ட்டில் எனக்கு லாபம். காலையில் முழுப்பழம் கேட்பான், தேர்ந்து கொடுக்க வேண்டும். சாயங்காலம் வெட்டின பழம். அடிபட்டதை, கனிந்ததை எல்லாம் வெட்டித் தள்ளிவிடலாம். அதில் இந்தப் பெண் மண்ணள்ளிப் போட்டாள். அதுவும் என் பெட்டிக்குள் மாவை வைத்துக்கொண்டு.

வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்தவனை மன்னிக்கலாம். தெரியாமல் செய்கிறவன் நாளைக்கும் செய்வான்.

ஆடி 2, வெள்ளி

மெயினருவியில் குளிக்கத் தடை. நல்லது, குளிக்க முடியாத கூட்டம் கடைப்பக்கம் திரும்பும். கோவில் தெருவில் கூழ் ஊற்று, போகவில்லை.

துரியன் பழுத்து வெடித்துக் கிடந்தது. சுளை எடுத்து டப்பாவில் போட்டாயிற்று. பெரிய பெட்டியில் இடம் இருந்தது. இருந்தாலும் செல்லையாவிடம் சின்னப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். குடோனில் பதினைந்து வருஷமாக இருக்கிறான், என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசினான்.

“அண்ணாச்சி, அங்கன அந்தப் பிள்ளையோட மாவுல்லா இருக்கு.”

“இருக்கட்டும்லே.”

“துரியன் நாத்தம் சுவத்தையே துளைச்சிரும்.”

“சுவத்தைத்தான துளைக்கும், ஒன் மண்டையவா? மூடிய சரியா மூடாம வை.”

வைத்தான். நல்ல வேலைக்காரன். மனசுக்குள் திட்டுவான், கை செய்யும். அது போதும்.

கோமதி எடுத்துக்கொண்டு போனது முதல் நாலு நாளுக்கானது, அது ஏற்கெனவே ரிசார்ட் ஃப்ரிட்ஜில். அடுத்து எடுக்க வரும்போது தெரியும். உறைந்திருக்கும்போது அவளுக்கும் மூக்கில் ஏறாது. அடுப்பில் வைத்தால்தான் பாட்டு.

பல் டாக்டர் பிடுங்க வேண்டும் என்கிறான். ஆடியில் பிடுங்கக் கூடாது என்கிறாள் வீட்டுக்காரி.

ஆடி 6, செவ்வாய்

வெயில். அதிசயம்.

காலையிலேயே மேனேஜர் போன். “அண்ணாச்சி! இதெந்தா நாற்றம்! அடுக்களை முழுக்கக் கக்கூஸ் மணம். ஒரு கெஸ்ட் குடும்பத்தோட ரூமைக் காலி பண்ணிப் போயி. இன்னைக்கு ஈவினிங் ஃப்ரூட் பிளேட் அயக்கணும் கேட்டோ.”

“எத்தனை தட்டு?” என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் கோமதி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சின்னப் பெட்டி. மூடியைத் தூக்கினாள். குனிந்தவள் நிமிர ஒரு நிமிஷம் ஆனது.

“இதுல யாரு துரியனை வச்சா?”

“ராத்திரி கரண்டு போச்சும்மா. பெரிய பெட்டி மக்கர். செல்லையா அள்ளி இங்கன போட்டான்.”

செல்லையா தரையைப் பார்த்தான்.

“ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியும் ஒரே கதையச் சொல்லலையே அண்ணாச்சி.”

“மூஞ்சிய விடு. நடந்தது நடந்துபோச்சு.”

“வாடகை குடுத்தேம்லா.”

“பொட்டிக்குத்தானம்மா வாடகை. காத்துக்கா வாங்குனேன்?”

பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். ஒரு கவரைப் பிரித்து, உறைந்த மாவை நகத்தால் சுரண்டி வாயில் வைத்தாள். மென்றாள். துப்பவில்லை. “அத்தனையும் போச்சு” என்றாள். மறுபடி கலக்கலாமென்றால் வீட்டில் முட்டை உடைக்க வழியில்லை, மேனேஜர் வாசலுக்குள்ளேயே விடமாட்டேன் என்றுவிட்டான். புரோக்கருக்கு ஆடி முடிவதற்குள் மிச்ச அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்கு. இதெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

தட்டுக்குப் பப்பாளி நிறையப் போடலாம். கனிந்து கிடக்கிறது.

ஆடி 8, வியாழன், அமாவாசை

பெருங்கூட்டம். தர்ப்பணம் முடித்தவர்கள் நேரே பழக்கடைக்கு. குடை மூன்று தொலைந்தது. எவனோ நம் குடையைப் பிடித்துக்கொண்டே நம்மிடம் பேரம் பேசினான்.

விருதுநகர்ப் பக்கத்து ஜோடி ஒன்று. துரியன் கேட்டு வந்தது. பிள்ளை இல்லாதவர்கள் குற்றாலத்துக்கு வந்தால் அதைத் தின்றுவிட்டுத்தான் போவார்கள். பிறக்குமா என்பது எனக்குத் தெரியாது. பிறந்தவர்கள் வந்து சொல்வார்கள், பிறக்காதவர்கள் வரமாட்டார்கள். அதனால் நான் கேட்டதெல்லாம் நல்ல சேதிதான். அந்தப் பெண்ணால் விழுங்க முடியவில்லை. கடை வாசலிலேயே வாந்தி. புருஷன் முதுகைத் தடவுகிறான், “கண்ணை மூடிட்டு முழுங்கு, கண்ணை மூடிட்டு முழுங்கு” என்கிறான்.

அப்போது தோன்றியது. இனிப்பில் வைத்துக் கொடுத்தால் முழுங்குவாள்.

சாயங்காலம் கோமதியை வரச் சொன்னேன். மாமியாருக்கு ஆர்டர் போனது தெரியாது. இன்னும் ரிசார்ட்டுக்குப் போவதாகச் சொல்லித் தென்காசி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறாள். அது எனக்கு வசதி.

“மாவை நான் எடுத்துக்கிடுதேன். குற்றாலம் கடைல அடுப்பு வச்சுத் தாரேன். நீ நின்னு சுட்டுக் குடு. துரியன் பிரவுனி.”

“நாத்தம்னு தூக்கிப் போட்டதை மருந்துன்னு விக்கச் சொல்லுதீங்களா?”

“ரிசார்ட்டுல அதுக்குப் பேரு நாத்தம். இங்கன அதுக்குப் பேரு குணம்.”

“எனக்கே இல்ல அண்ணாச்சி. நான் நின்னு வித்தா எவ வாங்குவா?”

“அதை நான் பாத்துக்கிடுதேன். புரோக்கர் நம்ம ஆளு. ஆடி முடிய வீட்டைப் பிடிச்சு வைக்கச் சொல்லுதேன்.”

என்னைப் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி. பிறகு, “அடுப்பு நல்ல அடுப்பா வாங்குங்க. சூடு ஒரே சீரா இருக்கணும்” என்றாள்.

புரோக்கரிடம் சொல்ல வேண்டும். பார்க்கலாம்.

ஆடி 12, திங்கள்

சாரலோடு வெயில். சூடாக ஏதாவது கையில் வேண்டும் என்று தோன்றுகிற பருவம். அடுப்பு திறந்ததும் அந்த வாசம். பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மீதிப்பேர் நின்றார்கள். நிற்கிறவர்கள்தான் வேண்டும்.

முதலில் தயங்கினார்கள். ராஜபாளையத்து அம்மா ஒருத்தி மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “இது கேட்குமா?” என்றாள்.

நான் கோமதியைக் காட்டினேன். “இந்தப் பிள்ளையப் பாருங்க. அஞ்சு வருசம் இல்லாம இருந்துச்சு. இதைத் தின்னுச்சு. இப்ப ரெண்டு. ரெண்டும் ஆம்பளைப் பிள்ளை.”

கோமதி கையில் கத்தி. தட்டில் பிரவுனியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டு கோணவில்லை. ராஜபாளையத்தம்மா அவள் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். நாலு துண்டு கட்டச் சொன்னாள். பின்னால் நின்றவர்களும் வாங்கினார்கள்.

கடை அடைக்கும்போது, “அண்ணாச்சி, இன்னொரு மட்டம் அப்படிச் சொல்லாதீங்க” என்றாள்.

“சரிம்மா.”

கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும். மேலே தூவ முந்திரி வேண்டாம், வேர்க்கடலை போதும்.

ஆடி 13, செவ்வாய்

நேற்றுச் சொன்னதையே சொன்னேன். நேற்றைவிட நன்றாக வந்தது.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. காலை வைக்க இடமில்லை. ஐந்தருவிச் சாலையில் வண்டி நகரவில்லை. மங்குஸ்தான் மதியத்துக்குள் காலி. பல் வீங்கி ஒரு பக்கமாகத்தான் சாப்பாடு.

கோமதி இப்போதெல்லாம் என்னோடு பேசுவதில்லை. மாவை இளக வைக்கிறாள், சுடுகிறாள், வெட்டுகிறாள். நான் “ரெண்டு ஆம்பளைப் பிள்ளை” என்று சொல்லும்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதுவும் நல்லதுதான். வெட்கப்படுகிறாள் என்று வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள்.

இன்று மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. முப்பத்தைந்து இருக்கும், தனியாக வந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள், நம்பவில்லை. என்னை விட்டுவிட்டுக் கோமதியிடம் போனாள்.

“நெசமாவா? பிள்ளைங்க பேரு என்ன?”

மாட்டினேன் என்று நினைத்தேன்.

கோமதி ஒரு நொடி யோசிக்கவில்லை. “மூத்தவனுக்கு எங்க மாமா பேரு, வேலாயுதம். வேலுன்னு கூப்பிடுவோம். சின்னவனுக்கு எங்க அப்பா பேரு, சுப்பையா. அவன் சரியான வாலு. தண்ணியக் கண்டா விடமாட்டான், அதான் இங்கன கூட்டிட்டு வரதில்ல.”

“ரெண்டு பேருக்கும் எத்தனை வயசு வித்தியாசம்?”

“ரெண்டு வருசம். அவனுக்குப் பால் மறக்கடிக்கும்போது இவன்.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தட்டு முழுக்க வாங்கினாள். கோமதி அவளுக்கு மட்டும் முந்திரி தூவினாள், அதுவும் எங்கிருந்து எடுத்தாளோ.

நான் ரம்புட்டான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்ப எண்ணினேன்.

அப்பேர்ப்பட்ட பொய்யைப் படிக்காமல் யாரும் சொல்ல முடியாது. ரொம்ப நாளாக உள்ளுக்குள் வைத்திருப்பாள் போல. எதுவானாலும், இனி நான் சொல்ல வேண்டியதில்லை. அவளே சொல்லுவாள்.

ஆடி 20, செவ்வாய்

மழை. சாரல் இல்லை, மழை.

சண்முகத்தாய் வந்தாள். மஞ்சள் சேலை, கழுத்தில் மாலை, விரதக்காரி. இலத்தூர்ப் பெண்கள் யாரோ பெருக்கன்று குளிக்க வந்திருக்கிறார்கள். ஊரில் போய், “ஒங்களுக்கு ரெண்டு பேரனாமே மதினி, எங்களுக்கு ஒரு முட்டாயி கூடத் தரலையே” என்று கேட்டுவிட்டார்கள். ரிசார்ட் ஆர்டர் போனதும் தெரிந்துவிட்டது.

கடைக்கு முன்னால் நடுரோட்டில் நின்றாள்.

“ஏட்டி! எவன் பெத்த பிள்ளைட்டி அது ரெண்டும்?”

கூட்டம் திரும்பியது. கோமதி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“எம் புருசன் பேரு வேலாயுதம். செத்து ஒம்பது வருசமாச்சு. அந்தப் பேரை வைக்கத்தான் நான் மாலை போட்டு மண்சோறு தின்னுக்கிட்டுக் கெடக்கேன். நீ அதைக் கேக்குல தடவி ரோட்டுல விக்கியா? வெறும் வயித்துல பேரை மட்டும் வளத்தியோ?”

யாரோ சிரித்தார்கள். வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடி பொட்டலத்தைத் திருப்பி நீட்டியது.

கோமதி என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. ரெண்டு பிள்ளைன்னு சொன்னது யாரு?”

கடை முன்னால் நாற்பது ஐம்பது பேர். மழை. எனக்கு இந்தக் கடை இந்த சீசனோடு முடிகிறதில்லை.

“நான் பழக்காரன். பழத்தைப் பத்திச் சொன்னேன். அந்தப் பிள்ளை அதோட வீட்டுக்கதையச் சொன்னதுக்கு நான் என்னம்மா செய்வேன்?”

“ரெண்டு பிள்ளைன்னு சொன்னது இவரு, அத்தை. பேரு மட்டுந்தான் நான் சொன்னது” என்றாள் கோமதி. சத்தம் போடாமல் சொன்னாள். அதனால் யாருக்கும் கேட்கவில்லை.

சண்முகத்தாய் மகனுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஆவடியிலிருந்து முருகேசன், “அம்மா சொல்லுத மாதிரி செய்யி கோமதி. எனக்கு டூட்டி இருக்கு” என்றான். வைத்துவிட்டான்.

“கேட்டியா? வீட்டுப்பக்கம் காலை வைக்கப்படாது. ஒந் துணிமணிய ஒங்கம்மைக்கு அனுப்பி விடுதேன். ஆவணில எம் பிள்ளைக்கு நான் வேற வழி பாத்துக்கிடுதேன்.”

போகும்போது சண்முகத்தாய் என் கடைப் பழத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். காசு கேட்கவில்லை நான்.

கோமதி உடனே போகவில்லை. தட்டுகளைக் கழுவினாள். அடுப்பை அணைத்துத் துடைத்தாள். இளகிக் கிடந்த பொட்டலங்களைத் தனியாக எடுத்து, “இதை மறுபடி ஃப்ரீசர்ல போட்டுராதீங்க. தின்னவுகளுக்கு வயித்தால போவும்” என்றாள். பிறகு சுரண்டை பஸ் ஏறினாள். அம்மா வீடு அங்கே. குடை கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தேன், இருக்கிறதே இரண்டு குடைதான்.

ஆடி 21, புதன்

மழை விட்டது. அருவியில் நேற்றுப் போட்ட தடை நீங்கியது. பல்லைப் பிடுங்கியாயிற்று, ஆடியாவது ஒன்றாவது.

இளகின பொட்டலங்களைச் செல்லையா கொட்டப் போனான். தடுத்து மறுபடி பெட்டியில் வைக்கச் சொன்னேன். கொஞ்சம்தான்.

கீழப்புலியூர் வீட்டுச் சாவியைப் புரோக்கர் ஒரு வங்கிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். நான் அவரிடம் சொல்லவேயில்லை, ஞாபகம் வந்தது.

நேற்றைய கூத்துக்குப் பிறகும் காலையில் மூன்று ஜோடி வந்து நின்றது. “அந்த அக்கா எங்க?” என்று கேட்டார்கள். சுடுவதற்கு ஆள் கிடைக்கும், மாவைத் தட்டில் ஊற்றி அடுப்பில் வைக்க என்ன பெரிய படிப்பு? நிற்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

செல்லையாவைக் கூப்பிட்டேன். அவன் மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அச்சன்புதூரில் இவன் வீட்டில்தான் இருக்கிறாள்.

“நாளைலேர்ந்து ஒம் மகளைக் கடைக்கு வரச் சொல்லுலே. பிள்ளையத் தூக்கிக்கிட்டு.”

“மூணு மாசப் பிள்ளை அண்ணாச்சி. சாரல் ஆகாது.”

“குல்லா போட்டுக் கூட்டிட்டு வா. அடுப்புப் பக்கம் சூடாத்தான இருக்கும்?”

காலிக் கூடைகளை அடுக்கத் தொடங்கினான்.

“ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?”

“பொம்பளைப் பிள்ளை.”

“பரவால்ல. ஆம்பளைப் பிள்ளைச் சட்டையா மாட்டிக் கொண்டா.”